பேசாத முக்கால் சைக்கிள்

சித்தி எந்தப் பொருளையும் கண்ணால் பார்த்து வாங்கியதில்லை, காதால் கேட்டுத்தான் வாங்கினார். தேங்காயையும் தர்பூசணியையும் எல்லோரும் தட்டிப் பார்ப்பார்கள். அவர் எவர்சில்வர் குடத்தைத் தட்டுவார், மரக்கதவைத் தட்டுவார், மகளுக்கு வாங்கும் டிபன் பாக்ஸைக்கூட மூடியைக் கழற்றிவிட்டுத் தட்டுவார். கடைவீதிப் பாத்திரக்கடையில் ஒரு முறை வரிசையாக ஒன்பது குடங்களைத் தட்டிவிட்டுப் பத்தாவதை எடுத்தார். உடன் போயிருந்த என் அம்மா வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தது இது. கடைக்காரர் பொறுமையிழந்து, "ஏம்மா, குடம் வாங்க வந்தியா, கச்சேரி பண்ண வந்தியா?" என்று கேட்டிருக்கிறார்.

"கச்சேரின்னா பாடணும்ல? ஒம்போதும் தொண்ட கட்டிக் கெடக்குது" என்றாராம் இவர்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்கு ஆள் போகாத தெரு குறைவு. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் தெருவிலிருந்தும் பலர் போனார்கள். பெரும்பாலோர் மண் பிசைந்தார்கள், அச்சில் வார்த்தார்கள், சூளை அடுக்கினார்கள். இவருக்கு மட்டும் வேலை உட்கார்ந்த இடத்தில். சூளையிலிருந்து இறங்கும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் கூடை கூடையாக அவர் முன்னால் வரும். ஒரு கையில் இரண்டு எடுத்து ஒன்றோடு ஒன்று மோதுவார். 'டிங்' என்றால் வலது பக்கம். 'டொக்' என்றால் எது சரியில்லாதது என்று தனித்தனியாக ஒரு தட்டு, பிறகு இடது பக்கம். கண்ணுக்குத் தெரியாத கீறலும் சத்தத்தில் தெரிந்துவிடும். கை இதைச் செய்துகொண்டிருக்க, வாய் பக்கத்தில் இருப்பவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். இடது பக்கக் கூடை உடைசல் குவியலுக்குப் போகும். ஒரு முறை இடது பக்கம் போனது திரும்பி வராது. முதலாளி ஒரு நாள் அந்தக் கூடையிலிருந்து ஒன்றைக் கையில் எடுத்து, "நல்லாத்தான இருக்குது கண்ணுக்கு?" என்றாராம்.

"கரண்டுக்குக் கண்ணு கெடையாது மொதலாளி" என்று சொல்லிவிட்டு, அதை அவர் கையிலிருந்தே வாங்கி மறுபடியும் இடது பக்கம் போட்டிருக்கிறார்.

நல்ல சத்தத்துக்கு அவர் வைத்திருந்த சொல், 'பேசுது'. கெட்டதற்கு, 'பேசல'. இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் மூன்றாவது ஒன்று அவரிடம் கிடையாது.

என் அம்மாவை அவர் அக்கா என்றும் அப்பாவை மாமா என்றும் கூப்பிட்டதால் எனக்கு அவர் சித்தி. உறவு ஒன்றுமில்லை, மூன்று வீடு தள்ளி இருந்தார். பள்ளிக்குக் கிளம்பும்போது எதிரில் வந்தால், நடுவிரலை மடக்கி என் உச்சந்தலையில் ஒரு தட்டு தட்டுவார். "பேசுது, பேசுது. போயிட்டு வா." வலிக்கும்தான். ஆனால் கணக்குப் பரீட்சை நாட்களில் அந்தத் தட்டு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அவர் வேலைக்குப் புறப்படும் நேரம் பார்த்து வாசலில் நின்றிருக்கிறேன்.

என் அப்பா ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் எழுத்தர். எதையும் எளிதில் நம்பாதவர். அவரே சித்தியின் காதை நம்பத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. பின்பக்கம் ஓர் அறை கட்டி, சுவர் பூசி முடித்து, கொத்தனார் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். சித்தி சும்மா பார்க்க வந்தவர், சுவரோரமாகத் தட்டிக்கொண்டே நடந்து, ஜன்னலுக்குக் கீழே ஒரு முழம் அகலத்துக்கு விரலால் வட்டம் போட்டார்.

"மாமா, இந்த எடம் பேசல."

கொத்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "செவுரு என்னாத்துக்கு பேசணும்? செவுரு சும்மா நின்னா போதும்."

"உள்ள காலியா இருக்குது மேஸ்திரி. பூச்சு ஒட்டல."

அப்பா இடித்துப் பார்க்கச் சொன்னார். சித்தி போட்ட வட்டத்தின் அளவுக்கே பூச்சு தகடாகக் கழன்று விழுந்தது. அதன்பின் எங்கள் வீட்டுக்கு வந்த தண்ணீர்த் தொட்டி, மரப்பெட்டி, அம்மியெல்லாம் அவர் தட்டிய பிறகுதான் உள்ளே வந்தன.

அவர் தட்டாத பொருள் ஒன்றே ஒன்று அவர் வீட்டில் இருந்தது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவருடைய அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் ஜாடி. கழுத்துவரை பழுப்பு, கீழே வெள்ளை, விளிம்பில் நகம் அளவுக்குச் சில்லு போயிருக்கும். ஒரு நாள் அம்மா விளையாட்டாக, "ஊரையே தட்டுறியே, இது பேசுதான்னு பாப்பமா?" என்று விரலை மடக்கினார். சித்தி அடுப்படியிலிருந்து கத்தினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அக்கா, அத தட்டாதீங்க!"

"ஏன்டி?"

"தட்டுனா தெரிஞ்சிடும். தெரிஞ்சிட்டா வெளிய போட்டாவணும். எண்ணெ ஒழுவாத வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கட்டும்."

இந்தப் பங்குனியில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையைப் பிரித்தோம். பழைய ஓடுகளுக்கும் ரயில்வே ஏலத்தில் அப்பா எடுத்த மரப்பலகைகளுக்கும் பின்னால் என் முக்கால் சைக்கிள் கிடந்தது. சிறுவர்கள் காலூன்ற வசதியாகப் பெரிய சைக்கிளைவிடக் கொஞ்சம் உயரம் குறைத்துச் செய்த வண்டி அது. டயர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பெல்லின் மூடியில் மட்டும் கொஞ்சம் பளபளப்பு மிச்சமிருந்தது. அதை ஏன் அங்கே போட்டு வைத்திருந்தோம் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஃபிரேமில் கீறல் இருப்பதாகச் சித்தி சொன்னார். கீறல் என்று தெரிந்த வண்டியை இன்னொருவருக்கு விற்கக் கூடாது என்று அப்பா கொட்டகையில் போட்டுவிட்டார். சித்தியின் காதுத் திறமைக்கு எடுத்துக்காட்டாக இந்தக் கதையை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜங்ஷன் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருப்பவரிடம் வண்டியைக் கொடுத்தேன். ஓட்டுவதற்கில்லை, சுத்தமாக்கி வீட்டில் நிறுத்தி வைப்பதற்குத்தான். ஒரு வாரம் கழித்துப் போனபோது பெயிண்ட் முழுவதையும் உப்புத்தாள் போட்டு எடுத்திருந்தார். இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"ஓவராயில் பண்ணிடலாம் சார். ரிம்மு ரெண்டும் மாத்தணும். ஃபிரேமு கல்லு மாதிரி இருக்குது."

"ஃபிரேம்லதாங்க கீறல் இருக்கு. நல்லா பாருங்க."

"எங்க சார் இருக்குது? முடி அளவுகூட இல்ல. யாரு சொன்னா உங்களுக்கு?"

"வெவரம் தெரிஞ்சவங்க."

"தெரியாதவங்களா இருப்பாங்க" என்றார். ஸ்பேனரால் முன்பக்கக் குழாயைத் தட்டினார். மணி போல ஒலித்தது. சீட்டைத் தாங்கும் குழாயைத் தட்டினார். 'டொக்' என்றது. அவர் புருவத்தைச் சுருக்கினார். "இதுக்குள்ள என்னவோ அடச்சிருக்குது. சீட் பில்லரு வேற துரு புடிச்சி வர மாட்டேங்குது. ரெண்டு நாளு மண்ணெண்ணெய்ல ஊற வெக்கிறன்."

வெள்ளிக்கிழமை அவரே போன் செய்தார். "சார், வந்து பாருங்க. உள்ள பொங்கல் வெச்சிருந்தீங்களா?"

செய்தித்தாளின் மேல் வெள்ளைக் கட்டிகள் கிடந்தன. சுண்ணாம்போ சிமென்டோ இல்லை. விருத்தாசலத்துக்காரன் யாராக இருந்தாலும் தொட்டவுடன் சொல்லிவிடுவான். அச்சில் வார்ப்பதற்காகப் பிசைந்த பீங்கான் மண், சூளை பார்க்காமல் காய்ந்தது. அதோடு ஒரு சுருட்டு சாக்குத் துணி. கடைக்காரர் காலியான குழாயை மறுபடி தட்டினார்.

"இப்ப கேளுங்க."

தெளிவாகக் கேட்டது.

ஆறாம் வகுப்பிலிருந்து நாள்தோறும் குறிப்பு எழுதுகிறேன். கிழமை, மழை உண்டா இல்லையா, ஜங்ஷனுக்கு வரும் காலைப் பாசஞ்சர் எவ்வளவு தாமதம், வீட்டில் நடந்த செய்தி ஒன்று. இந்த நான்குக்கு மேல் போவதில்லை. ஊரில் யாருக்காவது ஒரு திருமணமோ சாவோ எந்தக் கிழமை என்று சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அன்று மாலை ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையின் குறிப்பேட்டை எடுத்தேன்.

அதில் ஒரு திங்கட்கிழமைக் குறிப்பு: 'மழை இல்லை. பாசஞ்சர் நேரத்துக்கு. சீட்டுக் குழாயில் துணியும் மண்ணும் வைத்து இடித்தேன். சீட் இறங்கவில்லை.'

மீதி நினைவுக்கு வந்தது. அந்த வண்டியின் சீட்டை இறுக்கும் போல்ட்டில் மரை தேய்ந்திருந்தது. எவ்வளவு இறுக்கினாலும் தெருமுனை போவதற்குள் சீட் கீழே இறங்கிவிடும். அப்பாவிடம் சொன்னால் வண்டியையே பூட்டி வைத்துவிடுவார். சித்தி வேலை செய்த பட்டறைக்குப் பின்னால் பிசைந்த மண்ணை ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்திருப்பார்கள். அதில் இரண்டு கை அள்ளினேன். முதலில் துணியைத் திணித்து, மேலே மண்ணை வைத்து, குச்சியால் இடித்து, அதன்மேல் சீட்டின் தண்டான பில்லரை இறக்கினேன். சீட் அசையவில்லை. அந்த வேலையில் எனக்கு மிகுந்த திருப்தி.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பட்டறை வாட்ச்மேன் எங்கள் தெருவுக்கே வந்து சித்தியிடம் சத்தம் போட்டார். "உங்க தெரு பசங்கதான் மண்ண அள்ளிக்கினு போறானுங்க. மொதலாளி என்னையக் கேக்குறாரு."

"எங்க தெரு புள்ளைங்களா? அதுங்க மண்ணத் தின்னாகூட எங்கிட்ட சொல்லிட்டுத்தான் திங்கும். போய் வேற தெருவுல கேளுய்யா."

நான் எங்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி தன் மகளை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குள் எனக்குப் பெரிய சைக்கிள் வாங்கியாகிவிட்டது. முக்கால் சைக்கிளைச் சித்தியின் மகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்தப் பெண் அந்த ஆனியில் டவுனில் இருந்த பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர இருந்தாள். எங்கள் தெருவிலிருந்து அது நடந்தால் முக்கால் மணி நேரம், ரயில்வே கேட் மூடியிருந்தால் ஒரு மணி நேரம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுக்கும் காலம் அப்போது வரவில்லை. வந்ததும் அவள் வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, பாவாடை நுனியால் பெல்லைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள்.

சித்தி ஹாண்டில்பாரைத் தட்டினார். முன்பக்கக் குழாயைத் தட்டினார். "பேசுது" என்றார். சீட்டுக் குழாயைத் தட்டினார். கை நின்றது. மறுபடி தட்டினார். கொஞ்சம் கீழே, இன்னொரு முறை. ஒரு பொருளின் ஒரே இடத்தை அவர் மூன்று முறை தட்டி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"தம்பி, இதுக்குள்ள எதனா போட்டு வெச்சிருக்கியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"தலைய ஆட்டாத. வாயத் தொறந்து சொல்லு."

"இல்ல சித்தி."

என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அப்பா பக்கம் திரும்பி, "பேசல மாமா. வேணாம்" என்றார்.

"கீறலா?" என்று அப்பா கேட்டார்.

"அப்படித்தான் வெச்சிக்குங்களேன்."

"எம்மா, நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்றாள் மகள்.

"எழுந்து நட."

களிமண்ணுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இருப்பது எனக்கு அன்று தெரியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. விருத்தாசலத்தில் வளர்ந்த ஒருவன் அப்படி எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான்: 'மழை இல்லை. பாசஞ்சர் நாற்பது நிமிடம் தாமதம். சைக்கிளில் கீறலாம். சித்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.' மண் அள்ளியதையும் எழுதியிருக்கிறேன், கீறலையும் எழுதியிருக்கிறேன். அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் எழுதவில்லை. எழுதாததை மெல்ல மறந்தும் போனேன். எழுதிய கீறல் மட்டும் நிலைத்து, நான் ஊரெல்லாம் சொல்லும் கதையாகிவிட்டது.

அந்தப் பெண் எட்டாம் வகுப்பு முடியும்வரை நடந்தாள். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கு வசதியாக டவுன் பஸ் ஒன்று விட்டார்கள். அந்த மூன்று வருடங்களும் நான் புதுச் சைக்கிளில் பின்னாலிருந்து வந்து பெல் அடிப்பேன். அவள் ஓரமாக ஒதுங்கி வழிவிடுவாள்.

சித்தி இறந்தபோது நான் வேலை நிமித்தம் வெளியூரில் இருந்தேன். கிழமை மட்டும் குறிப்பேட்டில் இருக்கிறது. அவர் மகள் திட்டக்குடியில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். சைக்கிளுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, புது டயர் போட்டு, பழைய பெல்லையே மாட்டச் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வருவதாகப் போனில் சொல்லியிருந்தேன், எதற்கென்று சொல்லவில்லை.

"என்னாண்ணே, இந்த வயசுல எனக்கு சைக்கிளா?" என்று சிரித்துக்கொண்டே வந்தவர், பெல்லைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "இது அந்த வண்டியா?"

நின்றபடியே சொன்னேன். சீட் இறங்கியது, மண் அள்ளியது, வாட்ச்மேன் வந்தது, சித்தி கேட்டது, நான் இல்லை என்றது. வரிசை மாறாமல் சொல்லி முடித்தேன்.

"மண்ணா?" என்றார். "எங்கம்மா வேல செஞ்ச எடத்து மண்ணா?"

"ஆமாம்."

"மூணு வருஷம் லேட் வரிசையிலதாண்ணே படிச்சேன். ப்ரேயர் முடியற வரைக்கும் கேட்டுக்கு வெளிய." பெடலைக் காலால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "இப்ப எங்க ஸ்கூல்ல லேட்டா வர்றதுங்கள நிக்க வெக்கிறதுக்கு நாந்தான் இன்சார்ஜு" என்றார். அது வேடிக்கைக்குச் சொன்னதா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

கையிலிருந்த வீட்டுச் சாவியால் சீட்டுக் குழாயைத் தட்டினார். ஒலி அடங்கும்வரை காத்திருந்தார்.

"பேசுது" என்றார். பிறகு, "அன்னிக்கு வூட்டுக்குப் போறப்ப நான் அழுதுக்கினே போனேன். கதவத் தொறக்கறப்ப அம்மா சொன்னாங்க, 'வண்டில கீறல் இல்லடி'ன்னு. அப்புறம் ஏம்மா வேணாம்னு சொன்னன்னு கேட்டேன். அதுக்கு பதிலே சொல்லல. கடேசி வரைக்கும் சொல்லல" என்றார்.

நான் பெல்லின் மூடியை விரலால் துடைத்தேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். அதுக்கப்புறம் அம்மா உங்க தலையத் தட்டுனாங்களா?"

யோசித்தேன். தலையில் தட்டியதெல்லாம் நான் எந்த வருடத்திலும் குறித்து வைக்கவில்லை. ஆனால் எட்டாம் வகுப்பில் வாசலில் நின்று பார்த்த நாட்கள் நினைவுக்கு வந்தன. சித்தி சிரித்துக்கொண்டே "போயிட்டு வா" என்று கடந்து போவார். கை இடுப்பிலிருந்த சாப்பாட்டுக் கூடையிலேயே இருக்கும்.

"இல்ல. நான் வளந்துட்டேன்னு விட்டுட்டாங்கன்னு நெனச்சேன்."

"எட்டாவது படிக்கிற புள்ள என்னா வளந்துடுச்சி? என் தலைய எனக்கு கல்யாணம் ஆவுற வரைக்கும் தட்டுனாங்க."

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். தயிர்சாதம் வைத்தார். உள்ளே போய் ஊறுகாய் ஜாடியை எடுத்து வந்தார். கழுத்துவரை பழுப்பு, கீழே வெள்ளை, விளிம்பில் நகம் அளவுக்குச் சில்லு. மேஜையில் சத்தம் வராமல் இரண்டு கையாலும் இறக்கி வைத்தார்.

"ஞாபகம் இருக்குதாண்ணே?"

"இருக்குது. தட்டுனா தெரிஞ்சிடும், தெரிஞ்சிட்டா வெளிய போட்டாவணும்னாங்க சித்தி."

"நானும் இத தட்டுனதில்ல" என்று சொல்லிவிட்டு, என் தட்டில் ஒரு துண்டு எலுமிச்சங்காயை வைத்தார்.